கான்ஸ்டபிள் அடிக்காத அடி

தையல்காரர் வாயில்லாப் பூச்சி. மனைவி ஹெட் கான்ஸ்டபிள்; அவர் குரல் கொடுத்தால் தெருமுனையில் போகிற சைக்கிள்கூட நின்றுவிடும். அதனால் தையல்காரரின் கைகளில் நீல நீலமாகத் திட்டுகள் தெரிந்தபோது, தெருவுக்கு விசாரணையே தேவைப்படவில்லை.

பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, தான் சாட்சி சொல்லத் தயார் என்றார். மேசை முனையில் இடித்திருக்கும் என்றார் தையல்காரர். அவர் மறுக்க மறுக்க, பாவம், எவ்வளவு பயம் பாருங்கள் என்று ஊர் உச்சுக் கொட்டியது. ஆளாளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதை மட்டும் அவர் மறுக்கவில்லை.

சங்கதி ஸ்டேஷன்வரை போய், இன்ஸ்பெக்டரே கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு நாசூக்காகக் கேட்டுவிட்டார். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேரே கணவரின் கடைக்கு வந்தார் கான்ஸ்டபிள்.

"சட்டையக் கழட்டுங்க."

இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

முதுகிலும் திட்டுகள். கணுக்காலுக்கு மேலே ஊசியால் குத்தினாற்போலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கான்ஸ்டபிளின் முகம் வெளுத்துப்போனது. அப்படி அவர் பயந்து கணவர் பார்த்ததே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் மனைவியை வெளியே இருக்கச் சொன்னார். வீட்டில் யாராவது கை வைக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டார். இல்லவே இல்லை என்றார் இவர். டாக்டர் ஒரு கண்ணாடித் துண்டைப் புள்ளிகள்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். சிவப்பு மறையவில்லை.

"தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சிருக்கு. புள்ளி சின்னக் கசிவு, நீலத் திட்டு பெரிய கசிவு. பிளேட்லெட் குறைஞ்சாலும் வரும், கல்லீரல் கெட்டாலும் வரும், மாத்திரையாலயும் வரும். என்னென்ன சாப்பிடுறீங்க?"

ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு வருடமாகச் சாப்பிடும் இதய மாத்திரையைச் சொன்னார். வேறு? வேறொன்றும் இல்லை.

"இடுப்பு வலி மாத்திரையச் சொல்லுங்க!" கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

நாள் முழுக்க மெஷினில் குனிந்து வந்த வலிக்கு, மூன்று மாதமாக மருந்துக் கடையில் தானே வாங்கி, தினம் இரண்டு போட்டிருக்கிறார். அதுவும் ரத்தத்தை உறையவிடாது; இரண்டு மருந்தும் சேர்ந்து செய்த வேலை இது. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் சரியாகவே இருந்தது. வலி மாத்திரையை நிறுத்தச் சொன்ன டாக்டர், இதய மாத்திரையைத் தன்னைக் கேட்காமல் தொடக்கூடாது என்றார்.

நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, மூன்று வாரத்தில் மறைந்தது.

இஸ்திரிக்காரர் கான்ஸ்டபிளை வழிமறித்து, "கோபத்த அடக்குறது லேசில்லம்மா. சந்தோஷம்," என்றார்.

கான்ஸ்டபிள் மாத்திரைக் கதை முழுவதையும் பொறுமையாகச் சொன்னார். இஸ்திரிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ஒன்றையும் நம்பாமல் கடைக்குள் போனார்.