பன்னாடையில் வடித்த பியர்

யாழ்ப்பாணத்தில் உடுவிலைத் தாண்டியதும் தெருவோரத்தில் ஒரு கள்ளுத் தவறணை. பகல் பதினொரு மணி. அமெரிக்காவில் எங்கள் பியர் ஆலையில் நானே காய்ச்சிய டபுள் ஐ.பி.ஏ. பியர் டின் ஒன்றை மேசையில் வைக்கிறேன். கள் வார்க்கும் யோகன் அண்ணை அதைத் திறந்து, பனையோலையை மடித்துச் செய்த பிளாவில் ஊற்றுகிறார். கலங்கலாக இருப்பதைக் கண்டு முகம் சுளிக்கிறார்.

“தூசு கிடக்குது தம்பி.”

நான் வாயைத் திறப்பதற்குள், கள் வடிக்கும் பன்னாடையை இன்னொரு பிளாவின் மேல் பிடித்து பியரை வடித்துவிடுகிறார். அருமையான நுரை பாதி போய்விட்டது. கலங்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. எனக்கு எரிச்சல் வருகிறது.

அவர் முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடிக்கிறார்.

“தோடம்பழத் தோல் மணக்குது. பிறகு வேப்பம்பூ வடகத்தின்ரை கைப்பு. அடியிலை இனிப்பு இருக்கிறதாலை கைப்பு உறுத்தேல்லை. ஆனா, சும்மா பியர்தானே எண்டு குடிச்சால் ஆளை விழுத்திப்போடும்.”

ஹாப்ஸின் ஆரஞ்சு வாசனை, அழுத்தமான கசப்பு, அதைத் தாங்கும் முளைவிட்ட பார்லி மால்ட்டின் இனிப்பு, சாதாரண பியரைப்போல் இரண்டு பங்கு வீரியம். எதுவுமே அவர் நாக்குக்குத் தப்பவில்லை. எங்கள் ஆலையில் இதைச் சொல்ல ஒரு பக்கப் படிவம் நிரப்புவார்கள்.

“கைப்பு எதிலையிருந்து வருது?”

“ஹாப்ஸ்னு ஒரு கொடியோட பூவிலிருந்து அண்ணை. அந்தக் கலங்கலும் அதனாலதான்.”

“அப்ப பூவையெல்லோ நான் தூசெண்டு சொன்னனான்.”

பன்னாடையை ஆணியில் மாட்டிவிட்டு, வெறும் பிளாவை என்னிடம் நீட்டுகிறார். டின்னில் மிச்சமிருப்பதை நானே எழுந்து நின்று அவருக்கு வார்க்கிறேன்.