திருஷ்டிக்குப் போன பேய்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு என்று நினைவு. பெங்களூரு ஆடுகோடியில் ஒரு சின்ன அச்சகத்தில், கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். ஓவியத்தில் டிப்ளமா வாங்கியவள் என்ற பெருமையெல்லாம் வீட்டோடு சரி. பிள்ளையாரை நடுவில் வைப்பதா, மூலையில் வைப்பதா என்ற கேள்வியோடு கடையில் என் கலைத்திறமைக்கு வேலை முடிந்துவிடும்.

லோகோ, போஸ்டர் மாதிரியான பெரிய வேலைகளுக்கு எங்கள் கடையில் ஒரு சீனியர் இருந்தார். அவர் துபாய்க்குப் போய்விட, அவருடைய நாற்காலி காலியானது. முதலாளி அதில் என்னை உட்கார வைப்பாரா, வெளியிலிருந்து ஆள் பிடிப்பாரா என்று நான் தவித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அந்தக் கஸ்டமர் வந்தார். கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். பொருட்காட்சிகளில் ராட்டினம் நடத்துபவர். பொம்மனஹள்ளியில் ஒரு பழைய கிடங்கை எடுத்து, அதில் பேய் வீடு திறக்கப்போகிறாராம். இருட்டு நடை, தொங்கும் எலும்புக்கூடு, காலைப் பிடிக்கும் கை எல்லாம் உண்டு. ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் பயப்படலாம். நன்றாக ஓடினால் ஊர் ஊராகத் திறக்கும் திட்டமும் வைத்திருந்தார். அதற்கு லோகோ, விளம்பரம், டிக்கெட், வாசல் முகப்பு, வேலையாட்களின் பனியன் என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

"பார்த்த உடனே ஜனம் நடுங்கணும்மா, அஷ்டே" என்றார். அவ்வளவுதான் அவருடைய தேவை.

அவர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். "இதைச் சரியா பண்ணிட்டேன்னா அந்தச் சேர் உனக்கு. சொதப்பினே, மறுபடியும் மாங்கல்யம் தந்துனானேனதான்."

நான்கு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு ஒரு முகத்தை வரைந்தேன். பிதுங்கிய கண்கள், முறுக்கிய மீசை, கடைவாயில் இரண்டு கோரைப்பற்கள், முகவாய் வரை தொங்கும் நாக்கு. சிவப்பு, கறுப்பு, நடுவில் கொஞ்சம் மஞ்சள். என் கற்பனையின் ஆழத்திலிருந்து அது எழுந்து வந்ததாக நினைத்து நான் கொஞ்சம் கர்வப்பட்டதும் உண்மை. முதலாளி பார்த்துவிட்டு "அடேங்கப்பா" என்றார். கஸ்டமர் இரண்டு கையாலும் என்னைக் கும்பிட்டார்.

அது மழைக்காலம். காகிதம் ஒட்டினால் நிற்காது என்று, கெட்டி அட்டையில் அச்சடித்து லேமினேட் செய்து, ஓசூர் ரோடு நெடுக சந்தாபுரா வரை கம்பங்களில் கட்டினார்கள். மூன்றாவது நாள் பார்த்தால் பாதி அட்டைகளைக் காணோம். எவனோ வேண்டாதவன் செய்த வேலை என்று கஸ்டமர் குதித்தார். மறுபடியும் அச்சடித்து, இந்தத் தடவை ஏணி போட்டு உயரத்தில் கட்டினார்கள். அவையும் போயின. முதலாளி என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். அட்டை காணாமல் போனதற்கு நான் என்ன செய்வேன்? ஆனாலும் அந்தக் காலி நாற்காலி என்னைவிட்டு நகர்ந்து நகர்ந்து போவதுபோல் இருந்தது.

ஒரு நாள் காலை, கடை வேலையாகச் சந்தாபுரா பக்கம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஜன்னலோர சீட். பாதி கட்டி நின்ற ஒரு வீட்டின் முன்னால், சாரக் கம்பில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் என்னையே முறைத்துக்கொண்டு தொங்கியது நான் வரைந்த பேய்! நெற்றியில் குங்குமம் வேறு.

அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். அங்கே மணல் சலித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். திருவண்ணாமலைப் பக்கம். கணவர் கொத்தனார். கட்டுகிற வீட்டிலேயே குடியிருந்து காவலும் காத்து, அது முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகிற குடும்பம். அட்டை ஏது என்று கேட்டேன்.

"கம்பத்துல கட்டியிருந்தாங்கக்கா. எங்க வூட்டுக்காரருதான் ஏறி அவுத்தாந்தாரு. கடையில விக்கிறதவிட இது நல்லா கீது. மழைல கூட ஒண்ணும் ஆவல பாரு" என்றார் வெள்ளந்தியாக. அந்த வரிசையில் கட்டுகிற வீடுகளில் முக்கால்வாசி வீட்டுக்கு இதுதானாம்.

"பார்த்தா பயமா இல்லையா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

அவர் சிரித்துவிட்டார். "இதுக்கு நாம ஏங்கா பயப்படணும்? கண்ணு வெக்கிறவன்தான் பயப்படணும். இது நம்ம பக்கமாச்சே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கற்பனையாவது, ஆழமாவது! சின்ன வயதிலிருந்து வீட்டுக்கு வீடு பார்த்து வளர்ந்த திருஷ்டி பொம்மையைத்தான் அப்படியே இறக்கி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து நடுங்கு என்றால் நம் ஜனங்கள் எப்படி நடுங்குவார்கள்? கும்பிட்டுக் கழற்றிக்கொண்டுதான் போவார்கள். வெட்கத்தில் அந்த மணலுக்குள்ளேயே புதைந்துவிடலாமா என்றிருந்தது.

போகிற போக்கில் கேட்டேன், அப்படியானால் எதைப் பார்த்தால்தான் பயம் என்று. அவர் சல்லடையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"வூடு கட்டி முடிச்சு பெயின்ட்டும் அடிச்சிருப்பாங்க. இன்னும் யாரும் குடி வந்திருக்க மாட்டாங்க. என் கையாலயே எல்லா ஜன்னலயும் சாத்திட்டு வந்து படுப்பேன். காத்தால பாத்தா ஒண்ணே ஒண்ணு மட்டும் தொறந்து கெடக்கும். அந்த மாதிரி வூட்டாண்ட மட்டும் தனியா போவ மாட்டேங்கா."

பதினோரு மணி வெயிலில் எனக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொண்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அங்கிருந்து நேரே பொம்மனஹள்ளிக்குப் போனேன். திறப்பு விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. வாசலில் என் முகத்தை, அதாவது நான் வரைந்த முகத்தை, ஆள் உயரத்துக்கு ஃபைபரில் செய்து நிறுத்தியிருந்தார்கள். அதன் முன்னால் மாலை போட்ட புது ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்துக்கொண்டிருந்தார். கஸ்டமர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"ஏன்மா, நான் பேய் வீடு திறக்குறேனா, கோயில் திறக்குறேனா? காலையிலேர்ந்து இது மூணாவது வண்டி!"

தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையதுதான் என்றும் சொன்னேன். முகம் சிவக்கக் கேட்டுக்கொண்டே வந்தவர் திடீரென்று என் பக்கம் குனிந்தார். பிறகு மெல்லிய குரலில், "எங்க வீட்டு மாடியில ரூம் கட்டுறோம். என் ஹெண்டதி, அதான் என் சம்சாரமும், இதையே ஒண்ணு கொண்டுபோய்க் கட்டியிருக்கா. நானும் பார்த்துட்டு நல்லா இருக்குன்னேன்" என்றார். அடுத்த நொடி அவர் சிரித்த சிரிப்பில் ஆட்டோ டிரைவர் பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த வாசலில் அதுவரை பயந்த ஒரே ஆள் அவர்தான்.

மறுநாள் புதுப் படத்தோடு கடையில் காத்திருந்தேன். கறுப்புச் சுவர். மூன்று வரிசையில் பன்னிரண்டு ஜன்னல்கள். பதினொன்று சாத்தியிருக்கும். ஒன்று மட்டும் ஒரு சாண் திறந்திருக்கும். உள்ளே ஒன்றுமே வரையவில்லை. "ஜன்னலைப் பார்த்து எவன் பயப்படுவான்? கொசு வருமேன்னு வேணா பயப்படுவான்" என்றார் முதலாளி. படத்தைப் பார்த்த கஸ்டமர், காகிதத்தை எடுத்து மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"பார்க்க என்னவோபோல இருக்கும்மா. இதையே போட்டுடு" என்றார்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. டிக்கெட்டில், பனியன் முதுகில் எல்லாம் அதே ஜன்னல்கள். வாசலில் ஃபைபர் முகத்தை எடுத்துவிட்டு, நிஜ மர ஜன்னல் பன்னிரண்டை வாங்கிப் பொருத்தினார்கள். கம்பங்களில் கட்டிய அட்டைகளில் ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. தன் கடைக்கு எதிரே இருப்பதை மட்டும் தயவுசெய்து வேறு கம்பத்துக்கு மாற்றுங்கள் என்று ஒரு மளிகைக்காரர் வந்து கெஞ்சினார். சீனியரின் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். ஒரு கால் ஆடும் நாற்காலி அது என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது!

முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொத்தனார் குடும்பத்துக்கு டிக்கெட் கொடுத்து நானே கூட்டிப்போனேன். மணல் சலித்த பெண்ணிடம், அது அவருடைய ஜன்னல் என்று சொல்லி அசத்த வேண்டும் என்று எனக்கு ஒரே ஆவல். கணவரும் பிள்ளைகளும் கூச்சல் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள். அவர் மட்டும் வாசலில் ஒரு சாண் திறந்திருந்த அந்தப் பன்னிரண்டாவது ஜன்னலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கை முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"நான் வர்லக்கா. நீங்க போய்ட்டு வாங்க" என்றவர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் போகும்போது என் கையைப் பிடித்து, "அந்தப் பழைய மூஞ்சிய தூக்கிப் போட்றாதீங்கக்கா, நல்ல மூஞ்சி" என்று மட்டும் சொன்னார்.

தூக்கிப் போடவில்லை; அந்த அட்டைகளில் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தேன். பல வருடம் கழித்துச் சந்தாபுராவில் நாங்கள் ஒரு சின்ன வீடு கட்டியபோது, சாரத்தில் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் அதைத்தான் கட்டினேன். இன்றைக்கும் யாருக்காவது ஏதாவது வரைய உட்காரும்போது அந்தச் சல்லடையும் மணலும்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. பார்க்கப்போகிறவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களுடைய பயமும் சந்தோஷமும் எனக்குத் தெரியும் என்று நினைத்த என் கர்வத்தை, ஒரே சிரிப்பில் இறக்கி வைத்தவர் அல்லவா அவர்!