என்னை நானே வெளியே பூட்டிக்கிட்ட அஷ்டமி

இருபது வருஷமா சர்வர் பாத்துக்கறவன், என்னையே வெளியே வச்சுப் பூட்டினேன்னு சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

துர்கா பூஜை லீவு, அஷ்டமி காலை. கொல்கத்தா பாலிகஞ்ச் வீட்டுல உக்காந்து, எங்க டயாலிசிஸ் சென்டரோட லினக்ஸ் சர்வர்ல ஆபீஸ் கம்ப்யூட்டருங்க மட்டுமே லாகின் பண்ணலாம்னு மாத்தி வச்சேன். நான் இருக்கறது வீடுங்கறது ஞாபகத்துலயே இல்ல.

என் லேப்டாப்பை ஹால்ல சார்ஜ் போட்டுட்டு, மத்தியானம் வர்ற நோயாளிங்க லிஸ்ட்டை நர்ஸுக்கு அனுப்ப, பொண்ணோட லேப்டாப்ல லாகின் பண்ணேன். அனுமதி இல்லைன்னுது. திரும்பவும் அதேதான். ஆபீஸ் சாவி வச்சிருக்கற பெங்காலி அண்ணன் ஊருக்குப் போயிட்டார். லிஸ்ட் இல்லாம யாருக்கு எந்த மெஷின், எவ்வளவு நேரம்னு நர்ஸுக்கு எப்படித் தெரியும்?

அப்பத்தான் ஹால்லேர்ந்து மனைவி, "பந்தல்ல புஷ்பாஞ்சலிக்கு நேரமாச்சு, உங்க லேப்டாப்பை மூடிடட்டுமா?"ன்னா.

"தொடாதேம்மா"ன்னு அலறிக்கிட்டு ஓடினேன். புது லாகினைத்தான் சர்வர் தடுக்கும்; காலையில அதுல பண்ண லாகின் இன்னும் அறுபடாம இருந்துச்சு, மூடியிருந்தா அதுவும் போயிருக்கும். எல்லாத்தையும் பழையபடி மாத்தினேன். லிஸ்ட் போய்ச் சேர்ந்தப்புறம்தான் மூச்சே வந்தது.

இப்பல்லாம் எதை மாத்தினாலும், இன்னொரு கம்ப்யூட்டர்ல லாகின் ஆகுதான்னு பாக்காம முதல் லாகினை விட்டு நகர்றதில்ல.

கதையைக் கேட்டுட்டு மனைவி சொன்னா: "அந்த சர்வர் சரியான ஆளைத்தான் தடுத்திருக்கு."