லைன் என்று சொன்னார்கள்

தோழிகளே, பள்ளி விடுதியில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன்.

அன்று அப்பாவின் மேல் பூச்சி உருண்டை வாசனை அடித்தது... பக்கத்து வீட்டுத் தையல்காரர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கோட்டு அது. ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் மாட்டுவண்டி ஓட்டுகிறவருக்குக் கோட்டு எதற்கு? அண்ணனுக்காகத்தான். ஈப்போவில் தந்தி ஆபீசில் அண்ணனைக் கூப்பிட்டிருந்தார்கள். தேறினால் கோலாலம்பூருக்கு அனுப்பி, மின்சாரமும் தந்தியும் சொல்லிக் கொடுப்பார்களாம்.

அந்த நாளில் அண்ணனுக்கு வேறு நினைப்பே கிடையாது. ஈயச் சுரங்கத்தில் எறிந்த செப்புக் கம்பியைப் பொறுக்கி வந்து ஆணியில் சுற்றிக்கொண்டிருப்பான். சாப்பிடும்போது தட்டில் விரலால் தந்தி அடிப்பான்.

"சோத்தத் தின்னுடா. தட்டு என்ன தந்தி ஆபீசா?" என்பார் அம்மா.

பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று பார்க்க அண்ணனை உள்ளே அழைத்துப் போனார்கள். அந்த நேரத்தில் துரை அப்பாவைக் கூப்பிட்டார். அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்ற கிராணி, அந்த ஆபீஸ் குமாஸ்தா, தமிழில் சொன்னார்.

"பையன் கெட்டிக்காரன்லா. படிப்பு முடிஞ்சதும் மொத ரெண்டு வருசம் லைன்ல இருக்கணும். சம்மதமா?"

அப்பாவின் முகம் மாறிவிட்டது.

தாப்பாவுக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்தில்தான் அவர் இளமை போனது. தொழிலாளிகளுக்குக் கட்டிய அறை வரிசையை நாம் லயம் என்போம். துரைமார் வாயில் அதுவே லைன். அங்கிருந்து வெளியேற அப்பா பட்ட பாடு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"முடியாதுங்க," என்றார் அப்பா. "என் மவன் லைனுக்குப் போகமாட்டான்."

கிராணி இன்னொரு முறை கேட்டார். அப்பா மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார். கதவருகில் நின்ற என் காதிலும் அது லயம் என்றுதான் விழுந்தது. அப்பா செய்தது சரி என்றே அப்போது நினைத்தேன்.

அண்ணன் வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். வீட்டு வாசலில்தான் அண்ணன் வாய் திறந்தான்.

"கண்ணு சரியில்லன்னுட்டாங்களாப்பா?"

"ஒங் கண்ணுக்கு என்ன? ஒன்னைய லைனுக்கு அனுப்பப் பாத்தானுங்க. நான் ஒத்துக்கல."

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அப்பா... லைன்னா கம்பிப்பா. தந்திக் கம்பி."

அப்பா கோட்டைக் கழற்றி என் கையில் போட்டுவிட்டு வந்த வழியே ஓடினார். இருட்டும் நேரத்தில் திரும்பி வந்தார். அடுத்ததாக நின்ற, காம்பார் ஊர்ப் பையனை எடுத்துக்கொண்டார்களாம். அம்மா சோறு போட்டார். யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த வருடம் தலைமையாசிரியர் முயற்சியால் அண்ணனுக்குக் கோலாலம்பூரில் வேறு படிப்பு கிடைத்தது. சாலை, பாலம், வாய்க்கால். நன்றாகவே படிக்கிறான். "மவன் காலேஜ் படிக்கிறானாமே அண்ணே" என்று புந்தோங்கே அப்பாவிடம் கேட்கிறது. அவர் சிரிக்கிறார். ஆனால் லைன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் பிறகு கேட்டதே இல்லை. அண்ணனும் தட்டில் விரல் தட்டுவதில்லை. அம்மாவுக்குத் திட்ட ஒன்றுமில்லை... வீடு அமைதியாக இருக்கிறது.

போன விடுமுறையில் அப்பா, அண்ணன், நான் மூவரும் நடந்து போனோம். சாலையோரம் புதுக் கம்பங்களில் ஏறி ஆட்கள் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் இளைஞன் கீழே நின்று, காதில் கருவியை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தான். அண்ணன் கால்கள் தாமாக நின்றன. அப்பா அண்ணனையும் பார்த்தார், கம்பத்தையும் பார்த்தார்.

"அன்னைக்குச் சொன்னது... இந்த வேலதானாய்யா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தான்.

"இல்லப்பா. அது வேற."

அப்பா மூச்சு விட்டு நடக்கத் தொடங்கினார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

அதே வேலைதான், தோழிகளே. உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் எழுதுகிறேன். அப்பாவிடம் மட்டும் இதை யாரும் சொல்லி...

விடுதியில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.