படகு வரும்வரை சொல்லாதே

இராயபுரத்தில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் செல்களைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர் நான். எண்ணூர்க் குப்பத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்குக் கழுத்தின் இரு பக்கமும் எலுமிச்சை அளவுக்கு நெறி கட்டியிருந்தது. புற்றுநோயோ என்று சந்தேகப்பட்டு அனுப்பியிருந்தார்கள். ஊசியால் உறிஞ்சி எடுத்து ஸ்லைடில் பார்த்தேன். பெரிய செல்களுக்குள் சின்னச் செல்கள் சிதையாமல் முழுசாக இருந்தன. உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆனால் ஜீரணித்துவிடாது. அபூர்வமான நோய்தான், புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும்.

மறுநாள் அவள் வந்ததும் சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டித் தடுத்தாள்.

"இரு டாக்டரம்மா, சொல்லாத. எங்க வூட்டுக்காரு கடலுக்குப் போய்கீறாரு. அவரு கரைக்கு வராம நான் எதையும் காதுல வாங்க மாட்டேன்."

"இல்லம்மா, நான் சொல்றதக் கேளு..."

"நல்லதோ கெட்டதோ, ரெண்டு பேருமா கேட்டுக்கிறோம்."

போய்விட்டாள். நல்ல செய்தியை வாய்க்குள் அடக்கிவைப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலில் கடல்காற்று மோதும்போதெல்லாம் அந்தப் படகை நானும் எதிர்பார்த்தேன்.

ஒரு காலை இருவரும் வந்தார்கள். அவர் சட்டையில் உப்பு காய்ந்திருந்தது. முடிவைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள்.

என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. எல்லாவற்றையும் உடனுக்குடன் போனில் கொட்டிவிடுவேன். அவர் வந்து இறங்கும் நாளில் எதிரே நின்று சொல்ல என்னிடம் எதுவும் மிச்சமிருப்பதில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

இப்போது ஒன்றை மட்டும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். மன்னியுங்கள், உங்களுக்கும் சொல்வதற்கில்லை.