வீட்டுக்குள் முட்டை கூடாது

ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு வீடு கிடைத்தது ஒரே ஒரு நிபந்தனையின் பேரில். கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் மாமி, மாடிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க அசைவமா?"

"எப்பவாவது வெளியிலதான் மாமி. வீட்டுல சமைக்க மாட்டோம்."

"முட்டை?"

என் கணவர் எதிர்ச்சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். முதுகலை படித்த நான், "முட்டையெல்லாம் வீட்டுக்குள்ளயே வராது மாமி" என்றேன். பையனின் பள்ளிக்கூடம் அதே தெருவின் முனையில் இருந்தது. பழைய வீட்டிலிருந்து வேனில் போனபோது அவன் பாலம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் என்றால், கோழி என்றொரு பறவை இருப்பதே தெரியாது என்றுகூடச் சத்தியம் செய்திருப்பேன்.

பிறகு குழந்தைகள் டாக்டர் அவனை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, "முட்டை குடுங்கம்மா" என்றார்.

பள்ளித் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் யோசனை கேட்டேன். பாதாம் ஊறவைக்கச் சொன்னார்கள், ஊறவைக்கக் கூடாது என்றார்கள், ராகியை முளைகட்டச் சொன்னார்கள். ஒருத்தி தன் பையனின் எடையை மட்டும் போட்டுவிட்டுப் போனாள். எல்லாவற்றையும் செய்தேன். எடை ஏறவில்லை. வெளியே கடையில் அவித்த முட்டை வாங்கிக் கொடுத்தால் மஞ்சள் கருவைப் பார்த்ததுமே அழுதான். கேக்கில் போட்டால் தெரியாது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சரி, கேக்கை எங்கே செய்வது?

அப்போதுதான் என் கணவர் பரணிலிருந்து கூடாரத்தை இறக்கினார்.

பச்சைமலைக்குக் குடும்பத்தோடு போய்த் தங்கலாம் என்று அவர் ஆசையாக வாங்கியது. கூடாரம், சின்ன கேஸ் அடுப்பு, தொங்கவிடும் விளக்கு, சுருட்டி வைக்கும் படுக்கை. கிளம்புவதற்கு முந்தைய நாள், பச்சைமலையில் பாம்பு உண்டா என்று போனில் தேடினேன். உண்டு. கரடி உண்டா என்று தேடினேன். பதில் தெளிவாக இல்லை, அது இன்னும் மோசம். பயணம் ரத்தானது.

"மொட்டை மாடியில கூடாரத்தப் போட்டுருவோம்" என்றார். "அது தனி வீடு. அதுக்கு ஓனர் நாமதான். நீ குடுத்த வாக்கு கீழ இருக்கிற வீட்டுக்குத்தானே?"

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர், அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசராக இருக்கிறார். இந்த வாதம் தப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தலையாட்டினேன்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் மாடியில் 'கேம்பிங்'. தண்ணீர்த் தொட்டி நிழலில் அடுப்பு. பழைய குக்கரில் உப்பைப் பரப்பி, விசிலும் கேஸ்கட்டும் இல்லாமல் மூடி வைத்தால் அதுதான் எங்கள் 'ஓவன்'. முட்டை உடைப்பது கூடாரத்துக்குள். வாசனைக்கு வெனிலா எசென்ஸை, மூக்கு எரியும் அளவுக்கு ஊற்றினேன். முட்டை ஓடுகளை என் கணவர் டிபன் பையில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் போட்டார். கடத்தல்காரர்கள்கூட இவ்வளவு சுத்தமாகத் தொழில் செய்வார்களா தெரியாது. பையன் கேக்கைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எடைக் கருவி மனம் இரங்கியது.

கூடாரம் இருந்தால் குழந்தைகள் வராமல் இருப்பார்களா? மாமியின் பேத்தி வந்தாள். என் பையனைவிட இரண்டு வயது பெரியவள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் கூடாரத்தைப் பார்த்தால் ராணுவம் விளையாடும், வேட்டை விளையாடும். இந்த ஊர்ப் பிள்ளைகள் பெருமாள் புறப்பாடு விளையாடும். பிளாஸ்டிக் முக்காலியில் ஒரு பொம்மைப் பெருமாள், அதற்கு அடியில் கூடாரத்தின் உபரிக் கம்பிகள் இரண்டு, முன்னால் என் கணவரின் கேம்பிங் விளக்கு. கூடாரம்தான் சன்னிதி. அவள் எப்போதும் பட்டர். என் பையன் எப்போதும் பல்லக்குத் தூக்குகிறவன்.

"ஏன்டா, நீ ஒரு நாளாவது பூஜை பண்ணக் கூடாதா?" என்று தனியாகக் கேட்டேன்.

"தூக்கறதுதாம்மா ஜாலி. நல்லாக் குலுக்கலாம்."

ஒரு சனிக்கிழமை கேக்கை ஆற வைத்துவிட்டு, காய்ந்த துணிகளைக் கீழே கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்தால் தட்டு காலி. மாடிப்படியில் "கோவிந்தா! கோவிந்தா!" கேக்கைப் பெருமாளுக்கு அமுது செய்வித்து, துண்டு போட்டு, பிரசாதம் விநியோகிக்கக் கிளம்பிவிட்டார்கள். கிளம்பிய இடம் மாமி வீடு.

இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். மாமி டிவி முன்னால் இருந்து எழுந்து, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, வேண்டாம்! அது... சூடா இருக்கு!"

"பெருமாள் பிரசாதத்தைப் போய் வேண்டாம்பாளோ?" கண்ணை மூடினார். வாயில் போட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்தார்.

"என்னமா மெத்துன்னு இருக்கு! என்ன போட்டே?"

"தயிர் மாமி."

"தயிர் போட்டா இப்படி வருமோ?"

"கெட்டித் தயிர்."

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெரியாமல் முட்டை சாப்பிட்டால் பாவம் யாருக்கு என்று போனில் தேடினேன். என் கணவரிடமும் கேட்டேன்.

"மாமி தெரியாம சாப்பிட்டாங்க. பிள்ளைங்க தெரியாம குடுத்துச்சு. பெருமாள் பொம்மை. மிச்சம் நீதான்" என்றார். "பேசாம இரு. சொன்னா வீடு போயிரும். மறுபடி வேன், மறுபடி வாந்தி."

எல்லாம் சரிதான். ஆனால் நம்பிக்கையோடு இரண்டு கையையும் நீட்டிய ஒருவரின் வாயில் நான் பொய்யைப் போட்டிருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலை, பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக மாமி வீட்டுக்குள் போனேன். மாமி கூடத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். அழுகையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"மாமி, அன்னைக்கு அந்தக் கேக்குல..."

"பெருமாள் அமுது செஞ்சதுல என்ன இருந்ததுன்னு கேக்கற வழக்கம் எங்காத்துல கிடையாது."

"இல்ல மாமி, நான் சொல்லிடணும். அதுல..."

"உன்னை யார் கேட்டா?" மாமி நிமிரவே இல்லை. வேகாத நரம்பான கள்ளனை மட்டும் பூவிலிருந்து உருவி ஓரமாகப் போட்டார். "மாடியில பண்றச்சே அடுப்பைத் தொட்டிக்கு அந்தப் பக்கமா வச்சுப் பண்ணு. சாயங்காலக் காத்து நேரா எங்காத்து ஜன்னலுக்குத்தான் வரது. நீ மாடியில பண்ண ஆரம்பிச்ச நாளா வரது."

வெனிலா எசென்ஸுக்கு நான் செலவழித்ததை நினைத்துக்கொண்டு படியேறினேன்.

மறுநாள் பேத்தி மாடிக்கு ஒரு புது அலுமினியத் தட்டு கொண்டுவந்தாள். "பாட்டி குடுத்தா. இது இங்கயே இருக்கணுமாம், கீழ வரக் கூடாதாம்." மாமி வீட்டில் கரண்டி முதல் அண்டா வரை பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட இல்லை.

தொட்டிக்கு அந்தப் பக்கம் அடுப்பை நகர்த்தினேன். கேக் வெந்து இறக்கும் வரை பேத்தி கூடாரத்தை விட்டு நகரவில்லை.

"என்னம்மா, பாட்டி ஏதாச்சும் கேட்டாங்களா?" என்றேன்.

"பாட்டி ஒண்ணும் கேக்கலை ஆன்ட்டி. பெருமாளுக்குத்தான் இன்னிக்கு ரெண்டு துண்டு வேணுமாம்."