தேங்க்ஸ்கிவிங் அன்று அரளி பறித்த மாமா

எங்கள் வீட்டு ஹாலில் மூன்று பேர் சோபாவில் சாய்ந்துகொண்டு அமெரிக்காவைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு தேங்க்ஸ்கிவிங் மத்தியானம், என் மாமா தெருவோரத்தில் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. டெக்சாஸில் கேட்டி என்ற ஊரில், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாத செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு சப்டிவிஷனில் குடியிருந்தோம். ஏழு வயதில் கரூரிலிருந்து வந்தவள் என்பதால் வீட்டில் தமிழ்தான் பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் இங்கிலீஷ் வரும். மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். கரூரில் கரண்ட் ஆபீஸில் ஃபோர்மன். ஒரு மாதம் லீவு போட்டுவிட்டு, தங்கையைப் பார்க்க முதல்முறையாக விமானம் ஏறி வந்திருந்தார். வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

அப்பாவின் நண்பர்கள் இரண்டு பேர். ஒருவர் ரிச்சர்ட்சன் என்ற ஊரிலிருந்து ஒவ்வொரு லாங் வீக்கெண்டுக்கும் நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். இன்னொருவர் எங்கள் தெருவிலேயே எதிர் வரிசையில், மூன்றாவது வீடு. நான் அவர்களை ரிச்சர்ட்சன் அங்கிள் என்றும் எதிர்வீட்டு அங்கிள் என்றும்தான் கூப்பிடுவேன். மூன்று பேரும் சேர்ந்தால் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில் போகும். இந்த ஊர்க்காரர்கள் இந்த வறட்டு வான்கோழியை எப்படித்தான் சாப்பிடுகிறார்களோ என்று தொடங்கும். பிறகு டிவியில் ஓடும் ஃபுட்பால். ரிச்சர்ட்சன் அங்கிளுக்கு விதிகள் பாதி தெரியும். அப்பாவுக்கு அதுவும் தெரியாது. எல்லோரும் எழுந்து கத்தும்போது அவரும் எழுந்து கத்துவார். விளம்பரம் வந்ததும் அரசியல். பார்டர் தாண்டி வருகிறவர்களை எல்லாம் மூட்டை கட்டி அனுப்ப வேண்டும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததே இல்லை.

"நாமெல்லாம் லைன்ல நிக்கலையா? நான் பதினோரு வருஷமா க்ரீன் கார்டுக்கு நிக்கறேன்ல?" என்பார் ரிச்சர்ட்சன் அங்கிள். அப்பா தலையை ஆட்டுவார். யார் எதைச் சொன்னாலும் ஆட்டுகிற தலை அது.

அன்றைக்குக் குற்றங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. கலிஃபோர்னியாவில் கடைக்குள் புகுந்து அள்ளிக்கொண்டு போகிறான், கேட்க ஆளில்லை என்றார் எதிர்வீட்டு அங்கிள். அவர் வீட்டு வாசலில் கேமரா வைத்த டோர்பெல் புதிதாக மாட்டியிருந்தார். யாராவது வாசல் பக்கம் வந்தால் அவர் போனில் மணி அடிக்கும். அதைப் பற்றிப் பேசாமல் அவரால் பத்து நிமிடம் இருக்க முடியாது. "டெக்சாஸ்னா டெக்சாஸ்தாங்க. நம்ம வாசல்ல கால் வச்சா சுடலாம். சட்டமே இருக்கு" என்று, என்னவோ அந்தச் சட்டத்தை அவரே எழுதிக் கொடுத்தது போலப் பெருமையாகச் சொன்னார். அவர் வாழ்க்கையில் ஒரு கொசு பேட்டைத் தவிர வேறு ஆயுதம் பிடித்ததில்லை.

மாமாவுக்கு இந்தப் பேச்சில் இடமில்லை. மத்தியானம் எதிர்வீட்டு அங்கிள் கையைக் குலுக்கி "ஃப்ளைட் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டார், மாமா பதில் சொல்லத் தொடங்கும்போதே டிவி பக்கம் திரும்பிவிட்டார். அன்று பிரதோஷம். மாமா விரதம். சாயங்காலம் பூஜை முடித்துத்தான் சாப்பிடுவார். எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்தவை பிளாஸ்டிக் பூக்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு அரளி பூத்துக் கிடந்தது. வெள்ளை, சிவப்பு, ரோஸ். ஒருவரும் பறிப்பதில்லை. கரூரில் பூ வேண்டுமென்றால் விடிந்ததும் ஒரு பையை எடுத்துக்கொண்டு நாலு வீட்டு வாசலில் பறித்துக்கொண்டு வருவார். வீட்டுக்காரர்கள் உள்ளிருந்து "மேல இருக்கறதையும் பறிச்சுக்குங்க" என்பார்கள். சாமிக்குப் பறிப்பதை யாரும் அங்கே திருட்டு என்று நினைப்பதில்லை.

"பூப் பறிக்கப் போறேன், வர்றியா கண்ணு?" என்று என்னைக் கேட்டார். வெளியே குளிர்காற்று. வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அம்மா, அப்பாவுடைய பழைய கறுப்பு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, அதோடு சேர்த்துத் தைத்த தொப்பியை இழுத்துத் தலையில் போட்டுவிட்டு, வடைக்கு மாவு அரைக்கப் போய்விட்டாள்.

கால் மணி நேரம் இருக்கும். எதிர்வீட்டு அங்கிளின் போன் மணி அடித்தது. அவர் அதைப் பார்த்த வேகத்தில் எழுந்து நின்றார். கறுப்பு ஜாக்கெட், முகம் தெரியாதபடி தொப்பி, கையில் பிளாஸ்டிக் பை, வாசல் பக்கம் குனிந்து நிற்கும் ஒருவன். நான் எட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று போனை உயரத் தூக்கிக்கொண்டார். அப்பா வாங்கிப் பார்த்தார். இரண்டு குளிர்காலம் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனவர், அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஆள் சரியில்லை" என்றார்.

உடனே அந்தப் போட்டோவைச் சப்டிவிஷன்காரர்களின் போன் குழுவில் போட்டாக வேண்டும் என்று முடிவாயிற்று. அதை அவர்கள் எழுதிய விதம்தான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். ஆபீஸ் மெயில் அனுப்புவது போல மூன்று பேரும் கூடித் திருத்தினார்கள். எதிர்வீட்டு அங்கிள் ஒவ்வொரு வார்த்தையாக வாசித்துக்கொண்டே தட்டினார். அப்பா ஒரு காற்புள்ளி சேர்க்கச் சொன்னார். ரிச்சர்ட்சன் அங்கிள், சந்தேகப்படும்படி சுற்றுகிறான் என்பதைச் சட்டத்தில் சொல்கிற மாதிரி ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் மாற்றச் சொன்னார். கறுப்பு நிறம் என்று போடலாமா, கூடாதா என்று ஒரு நிமிடம் விவாதம் நடந்தது. பேசிக்கொண்டிருந்த மூன்று பேரும் என் மாமாவின் நிறம்தான். போடலாம் என்று முடிவு செய்து, போட்டார்கள்.

அதற்குப் பிறகு ஃபுட்பாலை யாரும் பார்க்கவில்லை. "கார்னர் வீட்டு வாசல்ல நிக்கறானாம்... இப்ப பார்க் பக்கம் போறானாம்... யாரோ போலீஸுக்குப் போன் பண்ணிட்டாங்களாம்" என்று எதிர்வீட்டு அங்கிள் ஸ்கோர் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் ஜாலியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். திருடனைப் பிடிக்கப் போகிறார்கள் என்று நானும் ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டேன்.

இரண்டு போலீஸ் கார்கள் சத்தமில்லாமல் வந்து நின்றன. "பாத்தீங்களா, பத்தே நிமிஷம்!" என்றார் ரிச்சர்ட்சன் அங்கிள். நடைபாதையில் வந்துகொண்டிருந்த ஆள் போலீஸைப் பார்த்து ஓடவில்லை. நின்று சிரித்தார். அவர்கள் ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது. பறித்ததைக் காட்டலாம் என்று பையைத் தூக்கி அதற்குள் கையை விட்டார். ஊரில் யாராவது "பையில என்ன?" என்று கேட்டால் அப்படித்தானே செய்வோம்? இரண்டு போலீஸ்காரர்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒருவரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போயிற்று. காற்றில் தொப்பி பின்னால் விழுந்தது. நெற்றி நிறையத் திருநீறு.

"ஐயோ, மச்சான்" என்றார் அப்பா.

சொன்னார், அவ்வளவுதான். நகரவில்லை. ஜன்னல் திரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்ப வெளிய போகாதீங்க. உங்க க்ரீன் கார்டு பேப்பர் உள்ள இருக்கு. உங்க பேர் எதுலயும் வரக் கூடாது" என்றார் ரிச்சர்ட்சன் அங்கிள். எதிர்வீட்டு அங்கிள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கை வரவில்லை.

அடுக்களையிலிருந்து அம்மா வந்து பார்த்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு, செருப்பில்லாமல், கையெல்லாம் உளுந்து மாவோடு தெருவில் ஓடினாள். "அண்ணா, கையை வெளிய எடு! எடுண்ணா!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய்கள் குரைத்தன. போலீஸ்காரர் நில் என்றார். மாவுக் கைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றாள். "மை பிரதர்! ஃப்ளவர்! ஃப்ளவர் ஃபார் காட்!" அம்மா இங்கிலீஷ் பேசினால் சிரிக்கிறவர்கள் மூன்று பேரும் ஜன்னலுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமாவைத் தெருவோரத்தில் உட்காரவைத்தார்கள். கைகளைத் தலைமேல் வைக்கச் சொன்னார்கள். பையைத் தரையில் கொட்டினார்கள். அரளியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இருபது நிமிடம் கழித்து, வயதில் மூத்த போலீஸ்காரர் பூக்களைத் தாமே அள்ளிப் பையில் போட்டுக் கொடுத்து, ஹேப்பி தேங்க்ஸ்கிவிங் என்றார். "சேம் டு யூ சார்" என்றார் மாமா.

மாமா உள்ளே வந்து பூப் பையைப் பூஜை அலமாரியில் வைத்தார். அதற்குள் ஹாலில் நியாயங்கள் தயாராகிவிட்டிருந்தன. இதெல்லாம் புரொசீஜர், யார் மேலும் தப்பில்லை, நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. யார் போட்டோ போட்டது என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் எதிர்வீட்டு அங்கிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். மாமாதான் அவர் எதிரே போய் நின்றார்.

"உங்க வீட்டுச் செடிங்களாமா. கேக்காம பறிச்சுப்போட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"பரவால்லைங்க" என்றார் அங்கிள். "நெக்ஸ்ட் டைம் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. இங்கெல்லாம் கொஞ்சம் டிஃபரன்ட்."

பரவாயில்லையாம்! மன்னித்துவிட்டாராம்! போட்டது அவர்தான், எழுதியது இவர்கள் மூன்று பேரும்தான் என்று இங்கிலீஷில் கத்தினேன். அப்பா "மேல போ" என்றார். போகவில்லை. மாமா என் தலையில் கை வைத்தார்.

"ஏங்கண்ணு, அவிய அப்படியெல்லாம் பண்ணுவாங்களா? நம்மாளுங்க கண்ணு."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்க்க வெட்கம் என்று நினைத்தேன். அந்தக் கையைத் தட்டிவிட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அவருக்காகச் சண்டை போட்ட என்னை எல்லோர் முன்னாலும் பொய்க்காரி ஆக்கிவிட்டாரே! இப்படி ஒரு கோழை எனக்கு மாமாவா? கீழே பூஜை மணி கேட்டது. நான் இறங்கவில்லை.

எதிர்வீட்டு அங்கிள் தலைவலி என்று சொல்லிச் சாப்பிடாமல் போய்விட்டார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. தெருவில் பார்த்தால் கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். உன் வாயால் ஒரு நல்ல நட்பு போயிற்று என்று அப்பா பல வருடம் சொல்லிக் காட்டினார். நான் அதற்கு வருத்தப்பட்டதில்லை. பதினொரு வயதில் ஒரு பெரிய மனிதரைத் துரத்திவிட்டேன் என்று உள்ளூரப் பெருமைதான். அப்பாவின் பயம் பிற்பாடு எனக்குப் புரிந்தது. விசாவில் இருப்பவர்களின் முதுகெலும்பு எங்கே போகிறது என்று வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்தும் அந்தத் திரையைப் பிடித்த கையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாமாவோடு அந்த மாதம் முழுவதும் நான் பேசவில்லை. ஏர்போர்ட்டில் காரை விட்டு இறங்கவில்லை. அவர் குனிந்து கண்ணாடியைத் தட்டினார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போன மாதம் அவருடைய பத்து வருட விசா முடிந்தது. மறுபடி எடுக்கச் சொல்லி அம்மா கேட்டதற்கு, வேண்டாம்மா என்று சிரித்துவிட்டாராம். எனக்குப் பழைய கோபம் வந்தது. மாட்டிவிட்டவரிடமே போய் மன்னிப்புக் கேட்கிறவருக்கு விசா எதற்கு என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமாவுக்குத் தெரியுங்கண்ணு. போலீஸ்காரர் போனைக் காட்டி, இது நீங்கதானேன்னு கேட்டாரு. போட்டோவுக்கு மேலயே எதிர்வீட்டுக்காரரு பேரும் மூஞ்சியும் இருந்துச்சு. நானும்தான் பாத்தேன். வீட்டுக்கு வர்ற வழியில, 'நீ ஒன்னும் கேக்காத, நான் பேசிக்கறேன்'னு சொல்லிட்டாரு."

பேசிக்கொண்டார். அங்கிளுக்கு எதிரே நின்று, தெரிந்தே மன்னிப்புக் கேட்டார். தெரிந்தே, என் தலையில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அங்கிளைப் பார்த்து, நம்மாளுங்க என்றார். அதைக் கேட்டபோது அங்கிளின் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது மாமாவைத்தான் முறைத்துக்கொண்டிருந்தேன்.